ஆசைக்கு ஆதாரம்

ஆசைக்கு ஆதாரம் கேட்பதுதான் என் உத்தியோகம். சம்பளத்துக்கு ஒன்றும் குறைவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் மட்டும் ஆடிட்டர் என்று முணுமுணுத்துவிட்டு இலையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

இதில் சேர்ந்தபோது நிலைமை இப்படி இல்லை. அடுத்தடுத்து வந்த வெள்ளமும், ஆலைகளையே மூட வைத்த கோடைகளும் நாட்டைப் படுக்கவைத்த பிறகு, ஊர் உலகமெல்லாம் கடன் வாங்கி மீட்சி நிதி என்று ஒன்றை அமைத்தார்கள். தொழில் எழுந்திருக்க வேண்டும், புகை எழுந்திருக்கக் கூடாது. அதுதான் நிபந்தனை. புகையைக் குறைத்தவனுக்குப் பணம். குறைத்தானா இல்லையா என்று பார்க்க என்னைப் போன்றவர்கள் தேவைப்பட்டார்கள். சாயப்பட்டறைக் கொதிகலன்கள் மேல் ஏறிப் புகைபோக்கியில் மீட்டர் மாட்டியிருக்கிறேன். முகமெல்லாம் கரி. வீட்டுக்கு வந்து குளிக்கும்போது என் மேல் எனக்கே ஒரு மதிப்பு இருந்தது. நிஜமாகவே காற்று கொஞ்சம் சுத்தமானது, நிஜமாகவே ஆட்களுக்கு வேலை திரும்பியது.

அப்புறம் புகைபோக்கிகள் தீர்ந்துபோயின. சுலபமாகக் குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்தாயிற்று. மிச்சத்தைக் குறைக்கப் பெரிய கம்பெனிகளுக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்தில்தான் எந்தப் புண்ணியவானோ ஏசி அறையில் உட்கார்ந்து தவிர்ப்பு என்ற சமாசாரத்தைக் கண்டுபிடித்தான். விட்டுக்கொண்டிருந்த புகையை நிறுத்தினால் அது குறைப்பு. நாளைக்கு விடப்போகிற புகையை விடாமலே இருந்துவிட்டால் அது தவிர்ப்பு. ஒருவன் ஏசி வாங்க ஆசைப்பட்டு, வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால், அந்த ஏசி விட்டிருக்கக்கூடிய புகையை அவன் விற்கலாம். சிமென்ட் கம்பெனிக்காரன் அதை வாங்கி, நான் இவ்வளவு குறைத்துவிட்டேன் என்று தன் கணக்கில் எழுதிக்கொள்வான். சூளையில் புகை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏழைக்கும் விற்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது என்று டிவியில் பேசினார்கள்.

ஏசி வாங்க நினைத்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாமே. அதனால் ஆதாரம் வேண்டும். சுவரை அளந்து பார்த்தாயா, கடையில் விலை கேட்டாயா, பெண்டாட்டியோடு சண்டை போட்டாயா என்றெல்லாம் கேட்க வேண்டும். துபாயில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகாமல் விட்ட ஒரு அம்மாவிடம், போக வேண்டும் என்று எவ்வளவு ஆசை, அழுதீர்களா என்று கேட்டேன். அழுதேன் என்றாள். சாட்சி உண்டா என்றேன். சீ, என்ன பிழைப்பு இது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவிர்ப்பு எது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. குழந்தைதான். ஒரு ஆயுள் முழுக்க உண்டு, உடுத்தி, வண்டி ஓட்டி விடப்போகிற புகை அத்தனையும் ஒரே கோப்பில் வந்துவிடும். குழந்தைக்கு ஆசைப்பட்டு, பிறகு வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கும் தம்பதிக்கு முதலில் ஒரு பெரிய தொகை, அப்புறம் வருஷாவருஷம் ஒரு சின்னத் தொகை. இடையில் குழந்தை பிறந்துவிட்டால் வாங்கியதை மூன்று மடங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வர்ணிகாவும் சர்வேஷும் அப்படி விற்றவர்கள். குமாரபாளையத்தை ஒட்டிய தறிக் காலனியில் குடியிருந்தார்கள். காவிரி வெள்ளம் அவர்களுடைய பழைய தறிகளை அடித்துக்கொண்டு போனபோது, பிறக்காத பிள்ளையை விற்று வந்த பணத்தில்தான் புதிய தறிக்கூடம் போட்டிருந்தார்கள். கூரையில் சோலார், உள்ளே நாலு தறி. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது போய், வீட்டில் குழந்தை இல்லை என்று பார்த்து எழுத வேண்டும். அந்த வருஷம் என்னை அனுப்பினார்கள்.

இல்லாததை எப்படிப் பார்ப்பது என்று கேட்காதீர்கள். அதற்கும் முறை இருக்கிறது. கொடியில் சின்னத் துணி காய்கிறதா, சுவரில் கிறுக்கல் இருக்கிறதா, கட்டிலுக்கு அடியில் பொம்மை கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தவர் வீட்டுப் படுக்கையறையில் மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்கிற அழகை நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றும்.

வர்ணிகா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. சர்வேஷ் டீ கொண்டுவந்து வைத்தான். டீ வாசம் பட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். குமட்டுகிற சத்தம் தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. சர்வேஷ் தரையைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

நேத்து ஹோட்டலில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் ஆரம்பித்தான். பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்குள் வர்ணிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவனைக் கையால் அமர்த்திவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலு மாசம்ங்க மேடம்," என்றாள். "மறைக்கோணும்னுதான் இருந்தோம். எத்தனை நாளைக்குங்க மறைக்கறது?"

எனக்கு முதலில் வந்தது கோபம். கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டே விட்டேன். அவள் கோபப்படவில்லை. சிரித்தாள். அப்புறம் கதையைச் சொன்னாள்.

கல்யாணமாகிப் பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. ஈரோட்டில் பார்த்தார்கள், கோயம்புத்தூரில் பார்த்தார்கள், கழுத்துச் சங்கிலி போனது, தோடு போனது. கடைசியில் டாக்டர், இனி செலவு பண்ணாதீர்கள், வாய்ப்பே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வருஷம்தான் வெள்ளம் வந்தது, தறி போனது. எங்கள் ஆட்கள் காலனிக்கு வந்து, பிள்ளை ஆசையை விட்டுக்கொடுத்தால் பணம் என்று அறிவித்ததும் அந்த வருஷம்தான்.

"இல்லாததைத்தானே விக்கறோம்னு நெனச்சோம்ங்க," என்றாள். "ஏமாத்தோணும்னு இல்லீங்க. எப்படியும் வராத புள்ளை, தறியாச்சும் வரட்டும்னு."

அவர்கள் கோப்பு அதிக மதிப்பெண்ணோடு தேறியிருந்தது. ஏன் தேறாது? ஆசைக்கு அவர்களிடம் இருந்த ஆதாரம் வேறு யாரிடம் இருக்கும்? பத்து வருஷத்து ஆஸ்பத்திரி ரசீது. கோயில் மரத்தில் கட்டிய தொட்டில். எனக்கு முன்னால் வந்த அதிகாரி அந்தத் தொட்டிலைப் போட்டோ எடுத்து முதல் தர ஆதாரம் என்று எழுதியிருந்தார். போட்டோ சரியாக விழவில்லை என்று அவளை மறுபடி கோயிலுக்குக் கூட்டிப்போய் இன்னொரு தொட்டில் கட்ட வைத்து அதையும் எடுத்தாராம்.

"ஒரு வேளை அந்த ரெண்டாவது தொட்டில்தான் பலிச்சுப்போச்சோ என்னமோ," என்றான் சர்வேஷ். அதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். அப்புறம் வர்ணிகா அழ ஆரம்பித்தாள்.

மூன்று மடங்கு என்றால் தறிக்கூடம், தறி, சோலார், வீடு எல்லாம் போகும். அதனால்தான் கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து இருவரும் தூங்கவில்லை. பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தால் தறி பிழைக்கும். பிள்ளை வேண்டும் என்றால் பிள்ளையைத் தெருவில் வைத்துத்தான் வளர்க்க வேண்டும். தனக்குப் பிள்ளை வேண்டும் என்றாள் அவள். ஒரே வாக்கியம்தான். அதற்கு நான் சாட்சி கேட்கவில்லை.

லாட்ஜுக்கு வந்து அந்த ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். ஏதாவது ஒரு ஓட்டை இருக்காதா என்று தேடியதில், ஓட்டை அவர்கள் பக்கம் இல்லை, எங்கள் பக்கம்தான் இருந்தது. எங்கள் கேள்விகளில் ஆசை இருக்கிறதா, எத்தனை வருஷமாக இருக்கிறது, யாருக்கெல்லாம் தெரியும் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. உங்களால் முடியுமா என்ற கேள்வியே இல்லை. ஆஸ்பத்திரி ரசீதுகளைக் கட்டுக் கட்டாக வாங்கிக் கூட்டிப் பார்த்திருக்கிறோம், சிகிச்சை என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளைகள் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்வார்கள். ரசீது சரியாக இருந்தால் எங்களுக்கு எல்லாம் சரி.

அப்படியென்றால் ஒப்பந்தம் போட்ட அன்று தவிர்ப்பதற்கு எதுவுமே இல்லை. பிறக்கவே முடியாது என்று டாக்டர் சொன்ன பிள்ளையைத் தவிர்த்ததாக எழுதியது எங்கள் பிழை. பிழையான பதிவு முதலிலிருந்தே செல்லாது. செல்லாத ஒப்பந்தத்துக்கு அபராதம் கிடையாது. கொடுத்த பணத்தின் நஷ்டம் எங்கள் காப்பீட்டின் தலையில். மறுநாள் டாக்டரிடமும் பேசி உறுதி செய்துகொண்டு, எங்கள் மண்டலத் தலைவர் நிரஞ்சனுக்குப் போன் செய்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், நான் சார் என்று கூப்பிட வேண்டும்.

வழக்கம்போல முதலில் மூன்று மடங்கு வசூலியுங்கள் என்றார். நான் விளக்கினேன். எதிர்ப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆசை ஆதாரம் ஆகாது, இயலும்ங்கறதுதான் ஆதாரம்னு சொல்றீங்க. அப்படித்தானே?" என்றார். ஆமாம் சார் என்றேன். "இதை அப்படியே எழுத்துல குடுங்க மேடம். நல்லா விவரமா குடுங்க."

குடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கச்சிதமாக ஒரு குறிப்பு எழுதியதில்லை. ரெண்டு வாரத்தில் ஒப்பந்தம் ரத்து, அபராதம் இல்லை என்று உத்தரவு வந்தது. வர்ணிகா போனில் பேச முடியாமல் அழுதாள். சர்வேஷ் போனை வாங்கி, நீங்க நெம்ப நல்லா இருக்கோணும் மேடம் என்றான். அன்றைக்கு நான் மட்டன் பிரியாணி வாங்கி ஒற்றை ஆளாக முழுசாகச் சாப்பிட்டேன். புகைபோக்கி நாட்களுக்குப் பிறகு அவ்வளவு பசி எடுத்தது அன்றுதான்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் என்னை நடுவில் நிற்க வைத்து கேக் வெட்டினார்கள். எதற்கு என்றே புரியாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். நிரஞ்சன் சென்னையிலிருந்து வந்திருந்தார். மேடம் எழுதிய குறிப்பு தேசிய அளவில் தரநிலையாக ஏற்கப்பட்டுவிட்டது, இனி நாடு முழுவதும் குழந்தைத் தவிர்ப்புக் கோப்புகள் இதன்படிதான் என்றார். கை தட்டினார்கள். ஒரு துண்டு கேக்கை என் வாயில் யாரோ ஊட்டினார்கள்.

"இனிமே முடியும்கறதுக்கு ஆதாரம் கேட்பீங்களா சார்?" என்றேன்.

"பின்னே? பழைய கோப்பெல்லாம் பாதிக்கு மேல குப்பை மேடம். சும்மா ஆசைப்பட்டவங்க. அதெல்லாம் ரத்து. இனிமே உறுதியானது மட்டும்தான். விலையும் பல மடங்கு."

"உறுதின்னா எது உறுதி?"

"ஸ்கேன்," என்றார் நிரஞ்சன். ரோஜாப்பூவாகச் செய்திருந்த க்ரீமை விரலால் வழித்து நக்கிக்கொண்டே சொன்னார்.

வாயில் இருந்த கேக்கை என்னால் விழுங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கழிவறையில் துப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் உதட்டில் க்ரீம் ஒட்டியிருந்தது. அதைக் கழுவக் கழுவ அருவருப்பு போகவில்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளைதான் இனி சரக்கு. அந்தச் சரக்குக்குத் தரச்சான்று எழுதிக் கொடுத்தவள் நான்.

திரும்பி வந்து அவர் உட்கார்ந்திருந்த அறைக் கதவைத் தட்டாமலே திறந்து உள்ளே போய், இது மகா கேவலம் என்று சொன்னேன். அவர் பதறவில்லை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டுமென்றால் விற்கட்டும், வேண்டாமென்றால் விடட்டும், கருவை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பெண்ணின் உரிமைதானே, அதை நீங்களே எதிர்க்கிறீர்களா என்றார்.

"உரிமை அவளோடதுதான் சார். அவ சொல்லக்கூடிய ரெண்டு பதில்ல ஒண்ணுக்கு மட்டும் காசை வச்சுட்டு, உரிமைங்கறீங்களே," என்றேன். அவர் சிரித்துவிட்டு, ராஜினாமா செய்வதாக இருந்தால் போனஸ் வந்த பிறகு செய்யச் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

ரெண்டு வாரம் கழித்து சர்வேஷ் போன் செய்தான். கொஞ்சம் வர முடியுமா மேடம் என்று மட்டும் கேட்டான். போகிற வழியெல்லாம் அவர்கள் விற்றுவிட்டிருப்பார்களோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்படி விற்றிருந்தாலும் அவர்களைத் திட்ட எனக்கு வாய் ஏது?

தறிக்கூடம் அமைதியாக இருந்தது. நாலு தறியும் ஓடவில்லை. வர்ணிகாவுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் கர்ப்பத்தைப் பதிவு செய்த நாளே அந்தப் பதிவு எண் மீட்சி நிதியின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதாம். அடுத்த வாரமே இருவர் போனுக்கும் விலை வந்தது. பழைய தொகையைப் போலப் பல மடங்கு. தினமும் காலையில் விலை மாறும். கருவைக் கலைக்கச் சட்டம் அனுமதிக்கிற கடைசி வாரம் நெருங்க நெருங்க ஏறும். சர்வேஷ் ரெண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். அப்புறம் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டானாம். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. வர்ணிகா அவன் முதுகில் கை வைத்தாள்.

விற்பதில்லை என்று அவர்கள் தீர்மானித்து முடித்துவிட்டார்கள். நான் வரவழைக்கப்பட்டது அதற்கு இல்லை. நூல் வாங்கப் பணம் இல்லை. முன்பு வருஷாவருஷம் வந்த சின்னத் தொகை ஒப்பந்தத்தோடு போய்விட்டது. பிரசவம் வரைக்கும் சமாளிக்க, நலிந்த நெசவாளர்களுக்கு மீட்சி நிதி கொடுக்கும் கடனுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். பேங்க் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இது சொத்து இல்லாதவர்களுக்கான கடன், உங்கள் பேரில் பெரிய சொத்து ஒன்று இருக்கிறதே என்று சொல்லியிருக்கிறார். என்ன சொத்து, தறியா என்று சர்வேஷ் கேட்டிருக்கிறான். தறி இல்லை, அதைவிடப் பெரியது என்றிருக்கிறார் மேனேஜர். அவருக்கும் சங்கடம்தானாம், திரையைத் திருப்பி அவர்களுக்கே காட்டியிருக்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. விலை வந்துவிட்ட எதையும் விற்காமல் வைத்திருந்தால் அது சொத்து. முதல் வருஷம் படிக்கிற பாடம். என் தரநிலையில் அதை நான் எழுதவே இல்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அது தானாகவே நடந்துவிடும்.

"மேனேஜர் சொன்னது நெசங்களா மேடம்?" என்றாள் வர்ணிகா. "இது சொத்துங்களா?"

"ஆமா வர்ணிகா. கணக்குல அப்படித்தான்."

அவள் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கோபமோ அழுகையோ இல்லை. கடையில் சாமான் வாங்கும்போது கேட்பது போல நிதானமாகத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"அந்த வாரமெல்லாம் தாண்டிப்போச்சுன்னா இதைச் சொத்துல இருந்து எடுத்துருவாங்கல்ல? அப்பக் கடன் கேக்கலாமுங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொன்னால் மேனேஜரிடம் போய் அவமானப்பட்டுத் திரும்பி வருவார்கள். விலை போகாத பிறகு அது சொத்தாக இருக்காது. ஆனால் பிறக்கப்போகிற பிள்ளை ஆயுளுக்கும் விடப்போகிற புகை அத்தனையும் அன்றிலிருந்தே அந்த வீட்டின் பேரில் ஏறிவிடும். புகை கூடுகிற வீட்டுக்கு மீட்சி நிதி ஒரு பைசா தராது. இதையெல்லாம் விளக்காமல் சுருக்கிச் சொன்னேன்.

"அப்ப அதைக் கடன் பக்கம் மாத்தி எழுதுவாங்க," என்றேன்.

சர்வேஷ் எழுந்து போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். வர்ணிகா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, நான் சொல்ல மறந்துவிட்டேன் என்பது போல.

"இப்பச் சொத்துங்கறீங்க, அப்பறம் கடன்ங்கறீங்க," என்றாள். "குழந்தைன்னு எப்பங்க மேடம் எழுதுவாங்க?"